ஃபைட்டர் மீன் வளர்ப்பு: தொட்டி வைப்பதிலிருந்து நோய் பார்ப்பதுவரை

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் மற்ற வண்ண மீன்களெல்லாம் பெரிய தொட்டிகளில் கூட்டமாக நீந்திக்கொண்டிருக்க, ஃபைட்டர் மட்டும் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் தனியாக நிற்கும். ஃபில்டர் கிடையாது, காற்றுக் குழாய் கிடையாது. "இதுக்கு இவ்வளவு தண்ணி போதும்" என்று நினைத்து, ஒரு கண்ணாடிக் குடுவையும் ஒரு பொட்டலம் கலர் கல்லும் சேர்த்து வாங்கிப் போகிறவர்கள்தான் அதிகம். இரண்டு மூன்று மாதத்தில் மீன் செத்துப்போகும். "எங்க வீட்டுக்கு மீன் ராசியில்லை" என்பார்கள்.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெட்டா என்றும் ஃபைட்டர் என்றும் நாம் சொல்லும் இந்த மீனுக்குச் செவுள் போக, தலைக்குள் லேபிரிந்த் என்று இன்னோர் உறுப்பு உண்டு. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி, அதிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மற்ற மீன்கள் மூச்சுமுட்டிச் சாகிற தண்ணீரிலும் இது உயிரோடு கிடப்பது அதனால்தான். ஆனால் விழுங்கிய காற்று ஆக்சிஜன் குறையை மட்டுமே தீர்க்கும். கழிவிலிருந்து ஊறும் அம்மோனியா செவுளை அரிப்பதை அது நிறுத்தாது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் கப்பி போன்ற மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும், நமக்கும் தெரிந்துவிடும். ஃபைட்டர் எப்போதுமே மேலே வந்து போகிற மீன் என்பதால் அந்த அடையாளம் இதனிடம் கிடைக்காது. தாங்கிக்கொண்டே இருந்து ஒருநாள் பக்கவாட்டில் சாயும்.

இதன் சொந்த ஊர் தாய்லாந்து. அங்கே இதற்கு 'பிளா கட்' என்று பெயர், 2019-இல் நாட்டின் தேசிய நீர்வாழ் உயிரினமாகவும் அறிவித்தார்கள். சாவோ பிரயா ஆற்றுச் சமவெளியின் நெல்வயல்களும் சதுப்புகளும்தான் காட்டு ஃபைட்டரின் இருப்பிடம். "வயல் சேற்றில் வாழ்கிற மீன்தானே" என்று குடுவைக்கு நியாயம் சொல்கிறவர்கள், வயலில் தண்ணீர் முழங்காலளவுதான் என்றாலும் ஏக்கர் கணக்கில் பரந்து கிடக்கிறது என்பதையும், அதில் நிற்கிற பயிர் கழிவை உறிஞ்சிக்கொள்கிறது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். நம் தொட்டியும் உயரம் குறைந்து அகலம் கூடியதாக இருந்தால் நல்லது.

முதலில் தொட்டி, மீன் ஒரு மாதம் கழித்து

ஒரு மீனுக்கு 18 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 10 அங்குல உயரமுள்ள கண்ணாடித் தொட்டி சரியாக இருக்கும். விளிம்புவரை நிரப்பினால் 29 லிட்டர் பிடிக்கும். அடியில் ஒரு அங்குல மணலும் மேலே ஒன்றரை அங்குல இடைவெளியும் போக 22 லிட்டர் தண்ணீர் நிற்கும். இடம் இல்லையென்றால் 15 லிட்டர்வரை குறைக்கலாம். அதற்குக் கீழே போகப்போக, தண்ணீரைச் சீராக வைத்திருப்பது தினசரி வேலையாகிவிடும். சின்னத் தொட்டிதான் புதியவர்களுக்கு எளிது என்பது தலைகீழான பேச்சு.

மூடி கட்டாயம் வேண்டும். ஃபைட்டர் துள்ளும், ஃபில்டர் குழாய்க்கு விட்ட இரண்டு அங்குல ஓட்டை அதற்குத் தாராளம். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவிலுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருப்பது மீன் விழுங்கும் காற்றுக்கும் நல்லது.

தொட்டியோடு மணலும் தண்ணீரும் சேர்ந்தால் எடை 30 கிலோவைத் தாண்டும். ஆட்டம் இல்லாத மேசையில், அடியில் தெர்மாகோல் தகடு ஒன்று போட்டு வையுங்கள். நேர் வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம், பாசி பிடிக்கும். ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் ஃபிரிட்ஜின் தலையும் வேண்டாம்.

நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் ஒரு விபத்தைப் பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்வதில்லை: கொசு மருந்து. சுவரில் செருகும் திரவ மருந்திலும் சுருளிலும் ஸ்ப்ரேயிலும் இருப்பது பெரும்பாலும் பைரெத்ராய்டு வகை ரசாயனம். மனிதர்களைவிட மீன்களுக்கு அது பலமடங்கு கொடிய விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் செலுத்துகிறது, மீனும் அதே காற்றைத்தான் விழுங்குகிறது. தொட்டி உள்ள அறையில் கொசு வலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கரப்பான் ஸ்ப்ரே அடித்தே தீர வேண்டும் என்றால், பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் முழுக்க மூடி, அறையை நன்றாகக் காற்றோட்டம் விட்ட பிறகே திறக்க வேண்டும்.

ஃபில்டர், ஹீட்டர், மணல், செடி

ஃபைட்டருக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரை மிஞ்சி எதுவும் இல்லை. ஏர் பம்ப், அதற்குக் குழாய், காற்றைக் குறைக்க ஒரு திருகு வால்வு, மின்சாரம் போனால் தண்ணீர் பின்னோக்கி வந்து பம்பைக் கெடுக்காதிருக்க ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு, இவ்வளவுதான். குமிழி நிதானமாக வரும்படி திருகிவிடுங்கள். நீண்ட துடுப்புள்ள மீனுக்கு நீரோட்டம் என்பது எதிர்க்காற்றில் குடை பிடித்து நடப்பது மாதிரி. தொட்டியின் ஒரே மூலையில் ஒதுங்கி நின்றால், மேலே வரும்போது இழுத்துச் செல்லப்பட்டால், காற்று அதிகம் என்று அர்த்தம்.

தண்ணீர் 25 முதல் 28 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சென்னை, மதுரை, திருச்சியில் ஆண்டின் பெரும்பகுதி ஹீட்டர் தேவைப்படாது. மார்கழி, தை இரவுகளில் மட்டும் இறங்கும். கோவைக் குளிருக்கு வேண்டியிருக்கும், ஊட்டி, கொடைக்கானலில் இல்லாமல் முடியாது. லிட்டருக்கு ஒரு வாட் கணக்கில் 25 வாட் ஹீட்டர் போதும், மலைப்பகுதிக்கு 50. தனியாக ஒரு வெப்பமானி மாட்டிவிடுங்கள். ஹீட்டரில் அச்சடித்த எண்ணும் தண்ணீரின் உண்மை வெப்பமும் பலநேரம் ஒன்றாக இருக்காது.

அதிகச் சிக்கல் கோடையில்தான். சித்திரை வெயிலில் தண்ணீர் 32 டிகிரிக்குப் போனால், திட மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டி, ஒரு சின்ன மேசை விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் ஓடவிடுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் போடாதீர்கள். திடீர் இறக்கம் சூட்டைவிட மோசம். ஆவியானது தண்ணீர் மட்டும்தான், உப்புகள் உள்ளேயே தங்கிவிடும் என்பதால், குறைந்த அளவை ஆர்ஓ தண்ணீரால் ஈடுகட்ட வேண்டும். போர் தண்ணீரையே திரும்பத் திரும்ப ஊற்றினால் ஒரு மாதத்தில் தொட்டி உப்பேறிவிடும்.

அடிக்கு ஐந்து கிலோ ஆற்று மணலோ பொடிக் கூழாங்கல்லோ போதும். சாயம் பூசிய கல் வேண்டாம், சாயம் உரியும். எந்தக் கல்லாக இருந்தாலும் ஒன்றை எடுத்து எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு சேர்ந்த கல், தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டிக்கொண்டே போகும். பிளாஸ்டிக் செடி வைப்பதானால், ஒரு மெல்லிய நைலான் துணியை அதன்மேல் இழுத்துப் பாருங்கள். துணியில் நூல் இழுபட்டால் மீனின் துடுப்பும் கிழியும். உயிர்ச்செடியே மேல். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் கட்டையில் கட்டிவிட்டால் போதும், மணலில் புதைத்தால் கிழங்கு அழுகும். மணி பிளாண்ட் கொடியின் வேர் மட்டும் தண்ணீரில் இறங்கும்படி விட்டால் நைட்ரேட்டை நன்றாக உறிஞ்சும்.

எந்தத் தண்ணீர்?

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆன்டி-குளோரின் மருந்தை பாட்டிலில் உள்ள அளவுப்படி விடுங்கள், அல்லது அகலமான வாளியில் ஏர் பம்ப் ஓடவிட்டு ஒருநாள் வையுங்கள். லாரித் தண்ணீரில் சிலசமயம் குளோரின் வாடை தூக்கலாக இருக்கும். அதற்கு மருந்தே நல்லது.

போர் தண்ணீர் என்றால், கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 150 முதல் 300 வரை இருந்தால் நிம்மதி. 500-ஐயும் மீன் பழகிக்கொள்ளும். கடலோரப் பகுதிகளில் 1000-க்கு மேல் காட்டும் போர் தண்ணீரில் நேராக விடக்கூடாது. ஒரு பங்கு போர் தண்ணீரோடு மூன்று பங்கு ஆர்ஓ கலந்தால், 1000 என்பது 300 பக்கம் வந்துவிடும். ஆர்ஓ தண்ணீரையோ கேன் தண்ணீரையோ மட்டும் நிரப்புவதும் தவறு. அதில் கார்பனேட் இருக்காது, சில வாரங்களில் தண்ணீர் திடீரென்று அமிலமாகச் சரியும், ஃபில்டரில் வளர்ந்த பாக்டீரியாவும் வேலை நிறுத்தும். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 6.5 முதல் 7.5 வரை நல்லது, 8 இருந்தாலும் நிலையாக இருந்தால் மீன் வாழும். பிஎச்சை மேலும் கீழும் இழுக்கும் மருந்துகளை வாங்காதீர்கள்.

தெருவோரம் அகல இலையோடு நிற்கிறதே நாட்டுவாதுமை மரம், சிலர் வாதாங்கொட்டை மரம் என்பார்கள், அதன் சருகு ஃபைட்டருக்கு ஏற்றது. மரத்திலிருந்து பறித்த பச்சை இலை ஆகாது. தானாகப் பழுத்து விழுந்து பழுப்பு நிறத்தில் காய்ந்ததாக வேண்டும். புகையும் தூசியும் படியாத இடத்தில் பொறுக்கி, கழுவி, 20 லிட்டருக்கு ஒன்று போடுங்கள். தண்ணீர் தேயிலை டிகாக்‌ஷன் நிறத்துக்கு வரும். அழுக்கு அல்ல, டானின். கிருமிகளை ஓரளவு அடக்கும், மீனுக்கும் பதற்றம் குறையும். இலை நைந்து நரம்பு மட்டும் மிஞ்சும்போது மாற்றுங்கள்.

தொட்டியைப் பழக்குவது

முக்கியமான வேலையும் பெரும்பாலோர் தாண்டிக் குதிக்கும் வேலையும் இதுதான். மீன் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாகும். ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவது அளவோடு இருந்தால் பாதிப்பில்லை, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். பாக்டீரியா பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

தொட்டியை முழுதாக அமைத்து, ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாமலே தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போடுங்கள். அது அழுகி அம்மோனியா தரும். சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி இரண்டு நாளைக்கு ஒருமுறை பாருங்கள். காகிதப் பட்டையைவிட இது நம்பகமானது. முதலில் அம்மோனியா ஏறும். பிறகு அது இறங்க, நைட்ரைட் ஏறும். இந்தக் கட்டம் இழுத்தடிக்கும், பொறுமை இங்கேதான் தேவை. கடைசியில் அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் மட்டும் தெரியும். தீனி போட்ட மறுநாளும் முதல் இரண்டும் 0 காட்டினால் தொட்டி தயார். பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் வாங்கப் போகலாம். நோய் இல்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சை ஈரத்தோடு வாங்கி உங்கள் தொட்டியில் போடுங்கள். காத்திருப்பு ஓரிரு வாரமாகக் குறையலாம்.

மீனை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? தினமும் 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள், தீனியைப் பாதியாக்குங்கள், அம்மோனியா 0.25 பிபிஎம்மை, அதாவது லிட்டருக்கு 0.25 மில்லிகிராமைத் தாண்டவிடாதீர்கள். பிஎச் 7-இல் இருக்கும் அதே அம்மோனியா, பிஎச் 8-இல் ஏறக்குறைய பத்து மடங்கு விஷமாகும். போர் தண்ணீர்க்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டியது இதனால்.

கடையில் மீன் பொறுக்குவது

டப்பாவை உடனே கையில் எடுக்காமல் ஒரு நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். நல்ல மீன் நீங்கள் குனிந்ததும் உங்கள் பக்கம் திரும்பும். விரலை மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்தினால் கண்ணும் உடலும் சேர்ந்து வரும். வயிற்றுக்குக் கீழே தொங்கும் இரண்டு மெல்லிய துடுப்புகளும் விரிந்திருக்க வேண்டும், எல்லாத் துடுப்பையும் உடலோடு ஒட்டிவைத்துக்கொண்டிருப்பது நோய்க்கு முந்திய நிலை. மேலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா, செதில் எங்கேனும் தூக்கி நிற்கிறதா என்று பாருங்கள். போன் டார்ச்சை ஒரு விநாடி பக்கவாட்டில் அடித்தால், பொன்தூள் தூவியதுபோல் மினுமினுப்பு தெரியக்கூடாது. அது வெல்வெட் நோய்.

முதல்முறை வளர்ப்பவர்கள் பிளாகாட் வகை வாங்கலாம். குட்டைத் துடுப்பு, சுறுசுறுப்பு, துடுப்புத் தொல்லை குறைவு. ஹாஃப்மூன் வால் 180 டிகிரி விரிவதைப் பார்க்க அழகுதான், அந்தப் பாரத்தை இழுத்துக்கொண்டு நீந்துவதில் களைத்துப்போய் தன் வாலைத் தானே கடிக்கிறவை அதில் உண்டு. தடித்த வெள்ளைச் செதிலுள்ள டிராகன் வகையில் சிலவற்றுக்குச் செதில் கண்ணையும் மூடி வளர்ந்து பார்வை போய்விடும். கோய், மார்பிள் வகைகள் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். ஆறு மாதத்தில் வேறு மீன்போலத் தெரிந்தால் கடைக்காரரைத் திட்ட வேண்டாம், அது அந்த மீனின் மரபணு. நல்ல பராமரிப்பில் ஃபைட்டர் இரண்டிலிருந்து நான்கு ஆண்டு வாழும்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, கட்டிய பையை 15 நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் தொட்டித் தண்ணீரைப் பையில் சேர்த்து, நான்கு முறை ஆனதும், ஒரு கப்பால் மீனை மொண்டு விடுங்கள். வலையில் துடுப்பு சிக்கும். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது. கூரியரில் ஒன்றிரண்டு நாள் பயணம் செய்துவந்த மீனுக்கு மட்டும் இந்த முறை ஆகாது. பையைத் திறந்ததும் உள்ளிருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறும், அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா விஷமாகும். வெப்பம் சமமானதும் தாமதிக்காமல் மாற்றிவிடுங்கள்.

தீனி

ஒரு மில்லிமீட்டர் அளவு ஃபைட்டர் பெல்லட், காலை மூன்று, மாலை மூன்று. அவ்வளவுதான். ஒவ்வொன்றாகப் போடுங்கள். முதல் உருண்டையை விழுங்கியதும் அடுத்தது. துப்பித் துப்பி மறுபடி கவ்வினால் உருண்டை பெரிது, ஊறவைத்து இரண்டாகக் கிள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் பெல்லட்டுக்குப் பதில் உறைய வைத்த பிளட்வோர்ம், ஆர்ட்டீமியா, டாஃப்னியா ஏதாவது ஒன்று. வாரம் ஒருநாள் பட்டினி. ஃபைட்டர் புழு பூச்சி தின்னும் மீன். சாதம், பிஸ்கட், பொரி எதுவும் கூடாது.

உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு கடைகளில் கிடைக்கும், மீன் பாய்ந்து பாய்ந்து தின்னும். அந்தப் புழு வளர்வது சாக்கடைச் சேற்றில் என்பதால் நோயும் கூடவே வரும், தவிர்த்துவிடலாம். கொசுப்புழு அருமையான தீனி. மொட்டைமாடி வாளியில் சுத்தத் தண்ணீரில் வந்ததாக இருந்தால் வலையில் வடித்து, அலசிப் போடலாம். தின்னும் அளவுக்குமேல் போட்டால் மிச்சம் கொசுவாகப் பறக்கும்.

மீன் உங்களைக் கண்டதும் கண்ணாடிக்கு ஓடிவந்து ஆடுவது பசி அல்ல, பழக்கம். அதை நம்பி வீட்டில் ஒவ்வொருவரும் போட்டுக்கொண்டிருந்தால் வயிறு உப்பி மீன் ஒருபக்கம் சாய்ந்து நீந்தும். அப்போது இரண்டு மூன்று நாள் தீனியை நிறுத்தி, பிறகு டாஃப்னியா கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

வாராந்தர வேலை

வாரம் ஒருமுறை 25 முதல் 30 சதவீதம், அதாவது ஆறு ஏழு லிட்டர், சைஃபன் குழாயால் மணல் மேல் கிடக்கும் அழுக்கோடு உறிஞ்சி எடுங்கள். ஊற்றும் தண்ணீர் அதே வெப்பத்தில், குளோரின் நீக்கியதாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஸ்பாஞ்சைக் கழற்றி, எடுத்துவைத்த தொட்டித் தண்ணீரிலேயே நாலைந்து முறை பிழியுங்கள். பழுப்பு நிறமாகச் சேறு வரும், அது வந்தால் போதும். ஸ்பாஞ்ச் புதிதுபோல் வெளுக்கும்வரை குழாயடியில் கசக்குகிறவர்கள், ஒரு மாதம் வளர்த்த பாக்டீரியாவைக் குளோரினில் கொன்றுவிட்டு, மறு வாரம் மீன் சோர்ந்தது ஏன் என்று தேடுவார்கள். தொட்டியை முழுவதும் காலிசெய்து சோப்பால் கழுவுவதும் இதே கதைதான்.

நோய்

நிறம் மங்குவது, தீனி எடுக்காதது, அடியில் படுத்துக் கிடப்பது, எதுவானாலும் முதலில் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். பாதி நேரம் விடை அங்கேயே கிடைக்கும்.

துடுப்பு ஓரம் கறுத்தோ சிவந்தோ, நாளுக்கு நாள் உள்வாங்கினால் துடுப்பு அழுகல். நேற்றுவரை முழுதாக இருந்த வாலில் இன்று அரைவட்டமாக ஒரு துண்டு காணவில்லை, ஓரம் சுத்தமாக இருக்கிறது என்றால் மீனே கடித்தது அல்லது எங்கோ சிக்கிக் கிழிந்தது. கடித்ததற்கு மருந்து தேவையில்லை, நீரோட்டத்தைக் குறைத்துச் செடியைக் கூட்டுங்கள். அழுகலுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 30 சதவீதம் தண்ணீர் மாற்றம், கூடவே லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு. அயோடின் சேர்க்காததாகப் பார்த்து, தனியாகக் கரைத்து, இரண்டு தவணையாக ஊற்றுங்கள். பத்து நாளுக்குமேல் உப்பு வேண்டாம். மாற்றிய தண்ணீரின் அளவுக்கு மட்டுமே மறுபடி உப்பு சேர்க்க வேண்டும். புதிதாக வளரும் துடுப்பு கண்ணாடிபோல நிறமின்றி இருக்கும், அது குணமாவதன் அடையாளம்.

ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி வந்தால் அது இக் என்ற ஒட்டுண்ணி நோய். இரண்டு நாளில் மெதுவாக 30 டிகிரிக்கு ஏற்றி, அதே அளவு உப்பு. ஒட்டுண்ணி மீனை விட்டு வெளியே நீந்தும் பருவத்தில் மட்டுமே சாகும் என்பதால், கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள். வாயோரமும் முதுகிலும் வெள்ளைப் பஞ்சுபோல் படர்ந்தால் பெரும்பாலும் அது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். சூட்டில் இன்னும் வேகமாகப் பரவும், அதற்கு வெப்பத்தை ஏற்றிவிடாதீர்கள். வெல்வெட்டுக்குத் தொட்டியைத் துணியால் இருட்டாக்கி, காப்பர் சேர்ந்த மருந்து. நத்தை இருந்தால் முன்பே எடுத்துவிடுங்கள், காப்பர் அதைக் கொன்றுவிடும். மெத்திலீன் புளூவை எப்போதும் தனி டப்பாவில்தான் பயன்படுத்த வேண்டும். தொட்டியில் ஊற்றினால் பாக்டீரியாவும் போகும், கண்ணாடியை ஒட்டிய சிலிக்கான் பசையும் நீலமாகும்.

உடல் ஊதி, மேலிருந்து பார்க்கையில் செதில்கள் அன்னாசித் தோல்போல் தூக்கி நின்றால் டிராப்சி. உள்ளுறுப்பு செயலிழந்ததன் வெளித்தோற்றம் அது. தனி டப்பாவில் நான்கு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு வைத்துப் பார்க்கலாம், பிழைப்பவை குறைவு. மனிதருக்கான ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பொடித்துக் கொட்டும் வழக்கம் கடைகளிலும் உண்டு, நோய் தெரியாமல் அதைச் செய்யாதீர்கள்.

துணை, கண்ணாடி, ஊர்ப் பயணம்

ஆண் ஃபைட்டர் தனியாகவே இருக்கட்டும். இன்னோர் ஆணோடு விட்டால் சண்டை சாவில் முடியலாம், இனப்பெருக்க நேரம் தவிர பெண்ணோடும் ஆகாது. 22 லிட்டரில் ஒரு நெரைட் நத்தை சேர்க்கலாம். கப்பியின் விசிறி வாலை எதிரியின் வால் என்று நினைத்துக் கிழிக்கும். கண்ணாடி காட்டிச் சிலிர்க்க வைப்பது நாளுக்கு இரண்டு மூன்று நிமிடத்தோடு போதும். மேலே நுரைக்கூடு கட்டினால் ஆண் பருவத்துக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதைச் சான்றாக எடுக்காதீர்கள், மோசமான டப்பாவிலும் கட்டும்.

மூன்று நாலு நாள் ஊருக்குப் போவதென்றால் தீனியே வேண்டாம். புறப்படும் முன்தினம் தண்ணீர் மாற்றிவிட்டுப் போங்கள். நாள் கணக்கில் கரையும் விடுமுறைத் தீனிக் கட்டிகள் தண்ணீரைத்தான் கெடுக்கும். ஒரு வாரத்துக்கு மேல் என்றால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாளுக்கு நான்கு உருண்டை வீதம் காகிதத்தில் தனித்தனியாக மடித்து, தேதி எழுதி வையுங்கள். தீனி டப்பாவை மட்டும் அலமாரியில் பூட்டிவிடுங்கள்.